ஹெர்னியா என்று சொல்லிவைத்த ஆபரேஷன்

ஹெர்னியா என்று சொல்லிவிடலாம் என்பது என் யோசனைதான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் அதையும் என் மனைவியின் யோசனை என்று யாராவது சொல்லிவிடுவார்கள். வெட்டப்போகும் இடம் அடிவயிற்றுக்குக் கீழே, தொடை தொடங்குகிற ஓரம். ஹெர்னியாவுக்கும் கிட்டத்தட்ட அங்கேதான் வெட்டுவார்கள். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியைப் பார்த்து எவனாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இவ்வளவு கச்சிதமான பொய் ஒரு மனிதனுக்கு அடிக்கடி அமையாது.

உண்மை வேறு. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. என் விந்தில் இருக்க வேண்டிய உயிரணுக்களில் கால்வாசிகூட இல்லை. இருந்த கொஞ்சமும் ஓட வேண்டிய பக்கம் ஓடாமல் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. விதைப்பையில் இரத்தக்குழாய்கள் புடைத்துக் கிடப்பதுதான் காரணமாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்தக் குழாய்களைக் கட்டிவிடுகிற ஆபரேஷனைத்தான் நான் ஹெர்னியா ஆக்கினேன்.

நாங்கள் ஈப்போவில், லிஃப்ட் இல்லாத ஒரு ஃபிளாட்டின் நாலாவது மாடியில் இருக்கிறோம். நான் டைல் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். என் மனைவி ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். அம்மா செமோர் பக்கம், எஸ்டேட் முதலாளி தோட்டத்தை விற்றபோது தொழிலாளிகளுக்குக் கிடைத்த வீட்டில் தனியாக இருக்கிறார். தனியாக என்பது சும்மா பேச்சுக்கு. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அடுத்தடுத்து இருந்தவர்கள் அத்தனை பேரும் அதே தாமான் குடியிருப்பில், கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் குடியேறினார்கள். ரப்பர்ப் பால்மரம் போய்விட்டது, அதற்குப் பிறகு நட்ட செம்பனையும் போய்விட்டது. அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது மட்டும் போகவில்லை.

கல்யாணமான முதல் வருடம் எல்லாரும் கிண்டல் செய்தார்கள். அதன் பிறகு கேள்வி கேட்டார்கள். பதில் வராததால் வைத்தியத்துக்கு வந்தார்கள், அதுவும் அவளுக்கு மட்டும். தைப்பிங்கில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, கொட்டுகிற மழையில் அவளைக் கூட்டிப்போய்க் கறுப்பாக ஒரு லேகியம் வாங்கிவந்தோம். அவள் நாற்பது நாள் அதைத் தின்று நாற்பது நாளும் வாந்தியெடுத்தாள். நான் கார் ஓட்டினேன், வழியில் குவே தியாவ் நூடுல்ஸ் சாப்பிட்டேன். என் தங்கையின் வளைகாப்பில் தோட்டத்துப் பெண்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளையல் போடச் சொன்ன அம்மா, என் மனைவியை மட்டும் அடுப்படியில் சோற்றைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவள் பார்த்துக்கொண்டாள். ஐந்து வகைச் சோறும் குறையில்லாமல் வந்தது, எல்லாரும் பாராட்டினார்கள்.

பெரிய டாக்டரிடமும் போனாள். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கருக்குழாயில் மருந்தை ஏற்றிப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் எடுத்த அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நாலு மாடி ஏறினாள். எல்லா ரிப்போர்ட்டும் சரியாகத்தான் வந்தது. "கணவருடைய ரிப்போர்ட் எங்கே?" என்று அந்த டாக்டர் அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறார். கணவர் ஒவ்வொரு தடவையும் கீழே கார் பார்க்கில் இருந்தார்.

என்னிடம் என்ன கோளாறு இருக்கப்போகிறது என்று நான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடுகிறேன். மீசை அடர்த்தியாக வளர்கிறது. கட்டிலில் நடக்க வேண்டியதெல்லாம் குறைவில்லாமல் நடக்கிறது. நடப்பது ஓர் இலாகா, முளைப்பது வேறு இலாகா, இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்பது எனக்கு முப்பத்தாறு வயதுவரை தெரியாது.

ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்து, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

"எனக்குப் பண்ண வேண்டியதெல்லாம் பண்ணியாச்சு. இனிமே குத்துறதுக்கு எடமில்ல. நீங்க இதுல ஒரு தடவ எடுத்துக் குடுங்க," என்றாள். பிறகு, "வலிக்காது," என்றும் சொன்னாள்.

டப்பாவோடு ஒரு தாள் இருந்தது. மூன்று நாள் சும்மா இருக்க வேண்டும். நாலாம் நாள் வீட்டிலேயே எடுக்கலாம், ஆனால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேப்பில் சேர்த்துவிட வேண்டும். கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. அவள் மோட்டாரை ஓட்ட, நான் பின்னால் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் சீட்டைப் பிடித்தபடி போனேன். சிக்னலில் என்னோடு வேலை செய்கிற ஒருவன் பக்கத்தில் வந்து நின்று கையாட்டினான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. நானும் விளக்கம் சொல்லவில்லை.

லேப் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே, "புக்குல் பெராப்பா கெலுவார்?" என்று கேட்டாள். எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்கிறாள். என் பின்னால் இனிப்புநீர் வியாதிக்கு இரத்தம் கொடுக்க ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். பஸ் நேரம் சொல்வதுபோல, "ஒன்பது இருபது," என்றேன். ஏதாவது வெளியே சிந்தியதா என்று அடுத்த கேள்வி. இல்லை என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். வரிசையில் முதலாவதாக நின்ற பெரியவர் சுவரில் இருந்த கொசு ஒழிப்புப் போஸ்டரை ரொம்ப அக்கறையாகப் படித்தார்.

ஒரு தடவை பார்த்தது போதாது என்று சில வாரம் கழித்து இன்னொரு தடவை கேட்டார்கள். அதுவும் அப்படியேதான் வந்தது. பிறகு ஒரு சீன டாக்டர் என்னை நிற்கவைத்து, கால்சட்டையை இறக்கச் சொல்லி, மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னார். அந்த நிலையில் ஒரு மனிதன் எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நான் கூரை விசிறியைப் பார்த்தேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "ஆங், இருக்கு," என்றார், சுத்தமான தமிழில். ஈப்போச் சீனர்கள் சிலருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அது இந்த நேரத்தில்தான் தெரிய வேண்டுமா என்று எனக்கு இருந்தது.

கால்சட்டையை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்த பிறகு விளக்கினார். சிலருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்து நிற்குமே, அதே சமாச்சாரம் எனக்குப் பையில். இரத்தம் தேங்கிவிடுகிறது, அதனால் சூடு. உயிரணு உண்டாகும் இடம் உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் அதை உள்ளே வைக்காமல் வெளியே தொங்கவிட்டிருக்கிறது. ஆபரேஷன் செய்தால் பலருக்கு எண்ணிக்கை கூடுகிறது, எல்லாருக்கும் இல்லை. பலன் தெரியக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். சிகரெட்டை இன்றைக்கே விடு என்றார்.

காரில் ஏறியதும் அவள் அழுதாள். நான் ஆறுதலாக அவள் கையைப் பிடித்தேன்.

"சோகத்துல அழுவல," என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

எனக்குப் புரிந்தது. அவள் உடம்பில் ஒன்றும் இல்லை என்று காகிதத்தில் அவளுக்கு எப்போதோ தெரியும். இருந்தாலும் ஊரே திரும்பத் திரும்பச் சொன்னால் தன் உடம்பின்மேல் தனக்கே சந்தேகம் வரத்தானே செய்யும். அவள் அழுது முடித்துக் கண்ணைத் துடைக்கும்வரைகூட நான் பொறுக்கவில்லை. "அம்மாகிட்ட இப்பவே சொல்ல வேணாம்," என்றேன். அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, "சரி," என்றாள். அது தீபாவளிக்கு முந்தின வாரம்.

தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போனோம். அவர் முறுக்கு டின்னைத் திறந்துவைத்துவிட்டு, வருகிற தைப்பூசத்துக்கு மருமகள் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டியாகிவிட்டது என்று அறிவித்தார். வேண்டியது அவர், எடுக்க வேண்டியது இவள். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். முறுக்கைத்தான் போட்டுக்கொண்டேன்.

அவள் விரதம் இருந்தாள். தைப்பூசத்தன்று மஞ்சள் சேலை கட்டிப் பால்குடத்தைத் தலையில் வைத்து வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தாள். நான் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடும் குடையோடும், காலில் செருப்போடும் நடந்தேன். தோட்டத்துப் பெண்கள் எதிரே வந்து, "இந்த வருசம் கண்டிப்பா கெடைக்கும்," என்று அவள் தோளைத் தட்டினார்கள். அந்த நாளை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும். அதற்கடுத்த வாரம் நானாகவே டாக்டருக்கு ஃபோன் போட்டு ஆபரேஷனுக்குத் தேதி கேட்டேன். வெட்கம்தான் காரணம், பக்தி இல்லை.

ஆனாலும் வெட்கத்துக்கும் ஓர் அளவு இருக்கிறதே. அம்மாவிடம் ஹெர்னியா என்றேன்.

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவனுக்கு எப்புடிடா ஹெர்னியா? தூக்குறது மிசினுதானே," என்றார் அம்மா. அவர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோளில் வாளி சுமந்த ஆட்களுக்கு எது எங்கே இறங்கும் என்பது தெரிந்தவர்.

"நாலு மாடிக்குக் கேஸ் தோங் தூக்குனேன்லா, அதான்," என்றேன். சொன்ன கையோடு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். உண்மையில் கேஸ் சிலிண்டரை நான் ஒருநாளும் தூக்கியதில்லை. கடைப் பையன்தான் தோளில் வைத்து ஏற்றித் தருவான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் தோட்டம் வந்து இறங்கியது. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் லயமே லாரி ஏறிப் போய்ப் பார்க்கும் வழக்கம் எங்களுடையது. இப்போது லாரிக்குப் பதில் வேன், அவ்வளவுதான். பதினொரு பேர். கட்டிலுக்கு இரண்டு பேர்தான் நிற்கலாம் என்று வார்டு நர்ஸ் மிசி சொன்னார். இரண்டு இரண்டு பேராகத்தான் உள்ளே வந்தார்கள், ஆனால் வந்தவர்கள் வெளியே போகவில்லை. கட்டிலுக்கடியில் ஆறு மிலோ டின் சேர்ந்தது. பக்கத்துக் கட்டில் மலாய்க்காரர் நான் ஏதோ கட்சிக்காரன் என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டினார்.

அம்மாவின் எதிர்வீட்டு அண்ணன்தான் முதலில் ஆரம்பித்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இரண்டு ஹெர்னியா கண்டவர்.

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கம்ணே."

"எனக்கு ரெண்டும்," என்றார், பட்டம் வாங்கியவர் போல. "வலை வெச்சாங்களா?"

ஹெர்னியா ஓட்டையை அடைக்க உள்ளே ஒரு வலை வைத்துத் தைப்பார்கள் என்பதே எனக்கு அப்போது தெரியாது. "வெச்சாங்கண்ணே."

"பெரிய வலையா, சின்ன வலையா?"

"நடுத்தரம்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "நடுத்தரமா? எங்க, காட்டு பாப்போம்லா. நான் பாத்தா சொல்லிருவேன்."

சுற்றி நின்ற பதினொரு பேரில் ஏழு பேர் பெண்கள். நான் போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டு, டாக்டர் திறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அந்த நேரத்தில் ஓர் அக்கா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குறுக்கே வந்தார்.

"கேஸ் தோங்க நீ எதுக்கு தம்பி தூக்குற? கடக்காரன் கொண்டாந்து குடுப்பானே."

"தூக்க வெச்சா தூக்கத்தானே வேணும்," என்றார் அம்மா.

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கட்டிலின் கால்மாட்டில் என் மனைவி ஒரு தட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தன் வயித்துல ஒன்னு தங்கல. இப்ப கட்டுனவன் வயித்தையும் கிழிச்சாச்சு."

அவள் கை நின்றது. பிறகு அடுத்த ஆரஞ்சை எடுத்து உரித்தாள். சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட அம்மா சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. சிலர் தலையைக்கூட ஆட்டினார்கள். என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன பொய் சுற்றிவந்து அவள் தலையிலேயே விழுந்ததை நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் போட்ட இடத்தைவிட அது வலித்தது.

"ஹெர்னியா இல்ல," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தேன், உயிர் போனது. "அம்மா, ஹெர்னியா இல்ல. புள்ள இல்லாததுக்குக் கோளாறு என்கிட்டதான். அவகிட்ட ஒன்னும் இல்ல. எனக்கு அணு கம்மி. அதுக்குத்தான் வெட்டுனாங்க."

முதலில் அண்ணன்தான் வாயைத் திறந்தார். "அதான் பாத்தேன். நடுத்தர வலைன்னு ஒன்னு கெடையாதே," என்றார்.

அடுத்து அந்த அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாத்தீங்களா, பொண்டாட்டிய விட்டுக் குடுக்காம பழிய தன் மேல போட்டுக்கிறான். இந்தக் காலத்துல எவன் இப்படி இருக்கான்," என்றார். மற்ற பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை, இப்படியே பேசினால் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் வேனைத் திருப்ப வேண்டும் என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன், அதற்கும் எனக்குத்தான் நல்ல பெயர் கிடைத்தது. என்ன சனமோ.

அம்மா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், அது அப்படி இல்லை என்பதையும் பார்த்துவிட்டார்.

"எப்பத்திலேருந்து தெரியும்?" என்றார்.

"தீவாளிக்கு முன்னாலேருந்து."

அவர் விரல் கணுக்களில் மாதத்தை எண்ணினார். பாதியில் நிறுத்தினார். "அப்ப தைப்பூசம்?"

அவர் கால்மாட்டுப் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தே."

"தெரிஞ்சுகிட்டா பால்கொடம் எடுத்த? அந்த வெயில்ல, வெறுங்கால்ல? எதுக்கு?"

அவள் ஆரஞ்சுச் சுளையில் ஒட்டியிருந்த நாரை எடுத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "புள்ள வேணும்னு வேண்டல அத்தே. ஒங்க மவனுக்குப் புத்தி வரணும்னு வேண்டுனேன்."

இதற்கு யாரும் உச்சுக்கொட்டவில்லை. அண்ணன் தரையைப் பார்த்தார். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன், கேலியாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவள் வேண்டிக்கொண்டதை அப்படியே சொன்னாள். மணியடித்து மிசி எல்லாரையும் வெளியே போகச் சொன்னபோது அம்மா அவள் கையிலிருந்து தட்டை வாங்கி, ஒரு சுளையை எடுத்து அவளிடமே நீட்டினார். எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

அன்றோடு விஷயம் அடங்கும் என்று நான் நினைத்தேன். அம்மாவை எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. தான் செய்தது தப்பு என்று தெரிந்தால் அவர் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை, பழி போட்ட அதே வாயால் அதை இடம் மாற்றிப் போடுகிற ஆள்.

இரண்டு மாதம் கழித்து ஈப்போவில் ஒரு மண்டபத்தில் தோட்டத்துக் கல்யாணம். பந்தியில் நானும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில், எதிர் வரிசையில் அம்மா. பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அவள் இலைக்கு முன்னால் நின்று, வழக்கம்போல, "இன்னும் ஒன்னும் விசேசம் இல்லியா?" என்றார்.

அம்மா எதிர் வரிசையிலிருந்து பதில் சொன்னார். அவர் குரல் பால்மரக் காட்டில் நாலு நிரை தள்ளி இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"அவள ஏன் கேக்குற? அவ நல்லாத்தான் இருக்கா. கோளாறு என் மவனுக்கு. வெதப்பையில நரம்பு சுருட்டிக்கிச்சு. வெட்டிக் கட்டியிருக்கு. அணு பத்தாது, இருக்கறதும் சரியா நீந்தாது. அடுத்த மாசம் திரும்ப எடுத்து எண்ணிப் பாப்பாங்க."

எங்கள் வரிசையில் சாப்பாடு நின்றது. ரசவாளியோடு வந்தவன் என் இலைக்கு நேராக நின்றுவிட்டான். மணமேடைப் பக்கம் இருந்து கூடச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டவர் சரியாகக் காதில் விழாதது போல, "யாருக்கு?" என்றார். அம்மா கையில் இருந்த சோற்றை வைத்துவிட்டு, விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

"போலாமா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பாயசம் வரட்டும்," என்றாள் அவள், இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.

பந்தியில் பாதியில் எழுந்திருக்கக்கூடாது. உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்ப்பவர்கள் பார்த்தார்கள், பாவம் என்று நினைப்பவர்கள் நினைத்தார்கள், நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்தப் பந்தி மொத்தமே அரை மணி நேரம் இருக்கும். ஏழு வருடமாக எத்தனை கல்யாணம், எத்தனை பெயர் சூட்டு, அத்தனை பந்தியிலும் அவள் இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறாள். பக்கத்து இலையில் நான்தான் இருந்தேன், இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு.